வளைந்த முதுகும் நேர்கோடும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்புகிற பெற்றோர் கடைசி வரை வாசியுங்கள்.

சென்ற தவணையில் 8ஆம் தரப் பையன் ஒருவன் கையூன்றித் தலைகீழாக நிற்கப் பழகினான். கால் மேலே போனதும் வயிறு முன்தள்ளி, உடம்பு வில் மாதிரி வளைந்தது. சும்மா நிற்கும்போதே அவனுக்கு இடுப்புப் பக்கம் குழி அதிகம். "உன் முதுகுக்கு இது சரிவராது, போய் உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடியது. அன்றிரவு மனசு கேட்கவில்லை. இந்தப் பயிற்சியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1811இல் பேர்லின் நகரில் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்பவர் இளைஞர்களுக்காகத் திறந்தவெளி உடற்பயிற்சித் திடல் ஒன்றைத் தொடங்கினார். அவரும் எங்களைப் போல ஒரு வாத்தியார்தான். சமாந்தரக் கம்பிகள் பரவியது அந்த இயக்கத்தால். நம் பக்கத்தில், 1920இல் ஹரி குரோ பக் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கினார்.

அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியம். கையில் நிற்கும் வீரர்கள் தலையை நிமிர்த்தி, முதுகை நன்றாக வளைத்தே நிற்கிறார்கள்! உடம்பின் பாரம் உள்ளங்கைக்கு நேர் மேலே இருந்தால் விழமாட்டோம். முதுகை வளைத்தும் அதைச் சாதிக்கலாம். அன்றைக்கு அது பிழை இல்லை, அதுதான் முறை.

பிறகு ஏன் மாறியது? கிடைக்கம்பியிலும் வளையத்திலும் பெரிய சுழற்சிகள் வந்தன. வளைந்த உடம்பில் வேகம் சிதறும், நேரான உடம்பு அடுத்த அசைவுக்குச் சட்டென்று போகும். 1949இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனம் புள்ளி விதிகளை வகுத்தது. 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் ஜப்பான் ஆண்கள் அணி தங்கம் வென்றது. நேர்கோடே அழகு என்பது அந்தக் காலத்தில்தான் நிலைத்தது.

ஆக, நேர்கோடு யாருக்கும் பிறப்பிலேயே வருவதில்லை. பழகிப் பெறுவது. இந்த வளைவு பெரும்பாலும் தோள் முழுதாகத் திறக்காததாலும், வயிற்றுத் தசை பலம் போதாததாலும் வருகிறது. தோள் தராத தூரத்தை இடுப்பு கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மாவையும் பார்த்தேன். "கூடை சுமந்து என் முதுகுதான் போச்சு சேர், இவன் முதுகையாவது பாருங்க" என்றார். அந்தப் பயம் நியாயமானது. முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைக்கும் பிள்ளைகளுக்குக் கீழ் முதுகெலும்பில் நுண்ணிய முறிவு வரலாம் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். அதனால் முதலில் வைத்தியரிடம் காட்டி, "பழகலாம்" என்று கேட்ட பிறகே தொடங்கினோம்.

முதலில் மல்லாந்து படுத்து, இடுப்புக் குழியைத் தரையோடு அழுத்தி, கை காலைச் சற்று உயர்த்திப் பிடிப்பது. பிறகு தோள் பயிற்சி. அதன் பிறகு சுவரைப் பார்த்தபடி, கால்களைச் சுவரில் நடத்தி ஏற்றி நிற்பது. முதுகைச் சுவருக்குக் காட்டிக் காலை வீசினால் பழைய வளைவுதான் வரும். வலியோ காலில் விறைப்போ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

திரிபுராவின் தீபா கர்மாகருக்குப் பிறப்பிலேயே தட்டைப் பாதம். ஜிம்னாஸ்டிக்கிற்கு அது பெரிய குறை. சிறு வயது முதல் பயிற்சியால் அதைச் சமாளித்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் போட்டியில் நான்காம் இடம் வந்தார். அவருடைய பயிற்சியாளர் "போய் உட்காரு" என்று சொல்லியிருந்தால்?

எங்கள் பையன் இப்போது சுவரோரம் பத்து வினாடி நிற்கிறான். வளைவு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. போகாமலும் இருக்கலாம். ஆனால் நான் உட்கார வைத்த பிள்ளை எழுந்து நிற்கிறான், அதுவும் கையால். அல்ஹம்துலில்லாஹ்.