மார்கழி ஞாயிறும் மாந்தர் விழியும்

மார்கழியும் தையும் தண்மை நிறைந்த திங்கள்கள். பனி விலகும் முன்னே கோயில் மணி கேட்டு எழும் நம் மக்கள், அப்பருவத்து ஞாயிற்றுக்கு அஞ்சுவதில்லை. சித்திரை வெயிலுக்கே குடை தேடுவர். ஆனால் வெம்மை வேறு, ஒளி வேறு. மேனியை வருத்தாத கதிரவன் கண்ணையும் வருத்தான் என்று கருதுவது பழம்பிழைகளுள் ஒன்று. ஜனவரித் தொடக்கத்திலேதான் நில உலகம் ஞாயிற்றுக்கு மிக அணித்தாக நிற்கிறது. தாசேக் கெலுகோர் வயல்வெளியில் டிசம்பர் நண்பகலிலும் கதிரவன் ஏறத்தாழ 61 பாகை உயரத்தில் நின்று காய்கின்றான்.

குளிருக்குள் ஒளிந்திருக்கும் இத்தீங்கைப் பனிநாட்டார் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்தனர். கி.மு. 401-ஆம் ஆண்டில் ஆர்மீனிய மலைப்பனியில் நடந்த கிரேக்கப் படைவீரர் சிலர் பார்வை இழந்ததையும், கண்ணெதிரே கரிய பொருள் ஒன்றைப் பிடித்து நடந்தவர் காக்கப்பெற்றதையும் அப்படையின் தலைவருள் ஒருவரான செனபோன் எழுதிவைத்துள்ளார். வடமுனைப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீற்றிட்டுக் கண்ணணி செய்துகொண்டனர். புதுப்பனி புறஊதாக் கதிரில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பியனுப்பும். கடற்கரை மணலோ பதினைந்து பங்கே அனுப்பும். டொராண்டோவிலும் ஓஸ்லோவிலும் குடியேறிய நம்மவர்க்கு இன்று இது ஏட்டுச் செய்தியன்று.

பனி பெய்யாத தமிழ்நிலத்தில் மக்கள் ஞாயிற்றை உற்று நோக்கத் துணியும் வேளை ஒன்றுண்டு. அது கிரகண வேளை. வியப்பென்னவெனில், நம்மவர் கண்ட பெருங்கிரகணங்கள் பல தண்பருவத்திலேயே நேர்ந்தன. 1871 டிசம்பர் 12 காலையில் நிகழ்ந்த முழுக்கிரகணத்தின் நிழல் நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியே யாழ்ப்பாணத்தைக் கடந்தது. அதனைக் காணப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் நீலகிரிக்கு வந்தார். இத்தாலியரான ரெஸ்பிகி புதுக்கோட்டையில் கருவிகளை நிறுவினார். 148 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 26 அன்று, மார்கழி பத்தாம் நாள், ஏறக்குறைய அதே வழியில் கங்கண கிரகணம் வந்தது. உதகை, கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், அப்பால் சிங்கப்பூர் என அந்நிழல் நீண்டது. நம் மாநிலத்தில் அது பகுதிக் கிரகணமே. பள்ளிகள் ஆண்டிறுதி விடுமுறையில் இருந்தமையால் ஆசிரியர் கண்காணிப்பில் மாணவர் அதனைக் காணும் வாய்ப்பு நழுவியது.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அதனை மாணவர்க்கு அழுத்திச் சொல்லவேண்டும். முழுக்கிரகணத்தில், கதிரவன் முற்றும் மறைந்த ஓரிரு நிமிடங்கள் வெறுங்கண்ணால் காணலாம். கங்கண கிரகணத்திலோ, பகுதிக் கிரகணத்திலோ அத்தகைய நொடி ஒன்றுகூட இல்லை. ஒளி மங்கியதென மயங்கிக் கண்பாவை விரிய, எஞ்சிய விளிம்பின் சுடர் விழித்திரையைச் சுடுகிறது. விழித்திரைக்கு நோவுணரும் நரம்பில்லை. ஆகவே சுட்டது தெரிவதில்லை. பனியொளி புண்படுத்துவது கண்ணின் முன்படலத்தை. அது கடுமையாக வலித்து, பெரும்பாலும் சில நாளில் ஆறும். கிரகணப் புண் வலியாது, ஆறாமலும் போகலாம்.

1988 மார்ச் 18-இல் சுமாத்திராவை முழுக்கிரகணம் கடந்தபோது நமக்குப் பகுதிக் கிரகணம் தெரிந்தது. குளிர்ந்த காலைப்பொழுது. என் பாட்டியார் பித்தளைத் தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தி, எங்களை வீட்டுக்குள் அடைத்துவைத்தார். என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் புகையேற்றிய கண்ணாடித் துண்டு வழியே நெடுநேரம் நோக்கினார். மறுநாள், வாசிக்கும் எழுத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி நிற்கிறதென்றார். பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவும் அவர் தயங்கினார். பாட்டியாரின் காரணம் பிழையே. ஆயினும் என் கண்ணைக் காத்தது அவர் கட்டளைதான் என்பதை நான் மறுப்பதற்கில்லை.

அறிஞரும் இதில் தப்பியவரல்லர். கண்ணாடியில் தெரிந்த ஞாயிற்றை நோக்கிய நியூட்டன், அவ்வுருவம் கண்ணைவிட்டு அகலாமையால் சில நாள் இருட்டறையில் அடைந்து கிடந்தார். நீரில் தெரியும் உருவைப் பார்த்தல் நலம் என்பது சாக்ரடீஸ் காலத்திலேயே வழங்கிய அறிவுரை; நம் மஞ்சள் நீர்த் தாம்பாளமும் அவ்வழிப்பட்டதே. ஆனால் கணக்கு இதனை ஏற்பதில்லை. உச்சி ஞாயிற்றின் ஒளியைத் தெளிந்த நீர் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகக் குறைக்கும். கண்ணுக்குத் தீங்கின்றி நோக்க வேண்டுமெனில் முப்பதாயிரத்தில் ஒரு பங்காகவாவது குறைக்கவேண்டும். அதற்கென உலகத் தர அளவையோடு செய்த கிரகணக் கண்ணாடியோ, பதினான்காம் எண் பற்றவைப்புக் கண்ணாடியோதான் அப்பணியைச் செய்யும். குளிர்கண்ணாடியும் எக்ஸ்ரே படலமும் செய்யா. எளிய வழி, கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையிலிட்ட ஊசித்துளை வழியே விழும் உருவை வெண்தாளில் காண்பது. அது இல்லையேல் மரத்தடி போதும். இலையிடை வழியே தரையில் நூறு பிறைகள் விழும்.

இவற்றைத் தாய்மொழியில் விளக்கும் பணியும் நமக்குப் புதிதன்று. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்ற நிகழ்ச்சியைப் பொதுமக்கள் உணரும்படி உரையாடல் வடிவில் நூல் எழுதி, இந்திய மொழிகளில் வெளியிட்டார். அதுவும் குளிர்காலத்துக் காலை நிகழ்ச்சியே.

அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21-இல் தென்தமிழகத்தையும் வடஇலங்கையையும் கடந்து தீபகற்ப மலேசியாவுக்கு வருகிறது. அந்நாள் வைகாசி வெயிலில் அமைகிறது.