கூரையில் விழுந்த சுறா
ஆக்ஸ்போர்டின் புறநகர் ஹெடிங்டனில், 1986 ஆகஸ்ட் 9 அன்று பொழுது விடிந்தபோது ஒரு வீட்டுக் கூரையில் 25 அடிக் கண்ணாடியிழைச் சுறா நின்றது. தலை கூரைக்குள் புதைந்திருக்க, வால் வானை நோக்கி உயர்ந்திருந்தது. வடித்தவர் ஜான் பக்லி. செய்வித்தவர் வீட்டுக்காரர் பில் ஹைன். நாகசாகியில் அணுகுண்டு விழுந்த 41ஆம் ஆண்டு நினைவுநாள் அது. வானிலிருந்து வீட்டின்மேல் இறங்கும் அழிவே சிற்பத்தின் பொருள். அதை அறியாதவர்களுக்குத்தான் இது வெறும் வேடிக்கை.

அக்கம்பக்கத்தில் கருத்து இரண்டுபட்டது. நகர மன்றம் முதலில் பாதுகாப்பைக் காரணம் காட்டியது. கூரை உறுதியானது என்று தெரிந்ததும், அனுமதி பெறவில்லை என்றது. நீச்சல் குளத்துக்கு மாற்றவும் யோசனை சொன்னது. 1992இல் மத்திய அரசு சுறாவின் பக்கம் தீர்ப்பளித்தது. 2022இல் அதே மன்றம் அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எதிர்த்தவர் ஹைனின் மகன். அனுமதி கேளாமல் எழுந்த கலைக்கு அரசு முத்திரை பொருந்தாது என்றார். நியாயமான வாதம் அது.