தலை பொருத்தும் ஆட்டம்

பயமுறுத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி எச்சரிக்கைதான். பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது, பெற்றோர் எதைக் கவனிப்பது என்பதற்கு மேல் அது போவதில்லை. இந்த வடிவம் நம் ஊர்களுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதற்கென்று ஒரு சரித்திரம் உண்டா, அது நம்முடைய எதனோடாவது உறவு கொள்கிறதா என்று கேட்க இன்னும் ஆளில்லை. சினிமாவுக்கும் முதல் ஐம்பது வருஷம் இங்கே இதே கதிதான் நேர்ந்தது.

நான் பேச எடுத்துக்கொள்வது அவற்றில் ஒரு தனிக் கிளையை. திரைக்குள் அடங்கிக் கிடக்க மறுப்பவை இவை. புதிரைத் திரையில் போட்டுவிட்டு விடையை வெளியே, ஆடுகிறவனுடைய கடிதப் பெட்டியிலோ தெருவிலோ ஒளித்து வைப்பவை. 2001இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி அமெரிக்காவில் வெளியிட்ட ‘மெஜஸ்டிக்’ ஆடுகிறவன் வீட்டுக்கு டெலிபோன் செய்தது, ஃபாக்ஸ் அனுப்பியது. அந்த வருஷம் செப்டம்பர் 11க்குப் பின் அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். நிஜமான பயம் பிடித்த ஊருக்குப் பொய்ப் பயத்தை டெலிபோனில் அனுப்பக் கூச்சமாக இருந்திருக்கும். 2002இல் மூடியே விட்டார்கள். 2003இல் பிரான்ஸில் எரிக் வியன்னோ செய்த ‘இன் மெமோரியம்’ இதைவிடத் தேர்ந்த காரியம். ஒரு கொலைகாரன் அனுப்பியதாகச் சொல்லப்படும் சிடி உங்கள் கைக்கு வருகிறது. காணாமல் போனவர்களைத் தேடிப் போனால் நிஜமான இணையதளங்களுக்கு நடுவே பொய்த் தளங்களும் கலந்து கிடக்கின்றன. கதாபாத்திரங்கள் உங்கள் சொந்த ஈமெயிலுக்கே எழுதுகிறார்கள். 2017இல் வந்த ‘டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்’ ஒரு பள்ளிக்கூடத்துக் கவிதை வட்டத்தைப் பற்றியது. (சிறு பத்திரிகைக்காரர்கள் அதை அவசியம் ஆடிப் பார்க்க வேண்டும், கவிதை எழுதும் கூட்டம் எவ்வளவு அபாயமானது என்று தெரியும்.) அதில் ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டத்துக்குள் செய்ய எதுவுமில்லை. வெளியே வந்து, உங்கள் கம்ப்யூட்டரின் கோப்புகளுக்குள் புகுந்து, ஒரு பெண்ணின் பெயர் கொண்ட கோப்பை உங்கள் கையாலேயே அழிக்க வேண்டும். 2021இன் ‘இன்ஸ்க்ரிப்ஷ’னில் தடயங்களைத் தொடர்ந்து போனவர்கள் நிஜ மண்ணைத் தோண்டி ஒரு ஃப்ளாப்பி தட்டை எடுத்தார்கள்.

இவற்றை எழுதும் மேல்நாட்டு விமர்சகர்கள் நாடகத்திலிருந்து ‘நான்காவது சுவர்’ என்ற பிரயோகத்தைக் கடன் வாங்கி, அது உடைந்துவிட்டதாக ஆச்சரியப்படுகிறார்கள். சுவர் இருக்கிறவனுக்குத்தான் அது உடைவது செய்தி. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அந்தச் சுவரை யாரும் எழுப்பவே இல்லை. பாரதக் கூத்து நடக்கும் ஊரில், பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் பீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்காரர்கள் அவனுக்கு நிஜமான சோறு போட வேண்டும். இரணியன் கூத்தில் நரசிம்ம வேஷக்காரரை ஆட்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், எதிரில் நிற்கிற சக நடிகனுக்கு ஆபத்து என்று. கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்த பெரிய உருவமாகத் தரையில் மல்லாந்து கிடப்பான். பட்டப்பகலில் அவனைச் சுற்றி ஆட்டம் நடக்கும்; பார்க்கிறவர்களில் யாருக்கு எப்போது சாமி வரும் என்று சொல்ல முடியாது. எழுபதுகளில் ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்து அடைந்த அதிர்ச்சியை நாம் பெரும்பாலும் நடிப்பு முறை பற்றிய அதிர்ச்சியாகவே எடுத்துக்கொண்டோம். எனக்கு அது எல்லை பற்றிய அதிர்ச்சியாகவே படுகிறது. ஆட்டம் எங்கே ஆரம்பித்து எங்கே ஊராகிறது என்பது அங்கே தெரிவதில்லை.

கூத்தை விடவும் என் வாதத்துக்கு நெருக்கமானது குடியாத்தத்தில் நடக்கிறது. ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறினால் அதிக தூரமில்லை. ஒவ்வொரு வருஷமும் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு புறப்படுகிறது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் வெட்டுண்ட தலை, தலை மட்டும், தோளில் ஏறித் தெருக்களில் வருகிறது. முன்னால் புலி வேஷமும் சிலம்பமும் போகின்றன. வழி நெடுகத் தேங்காய்கள் உடைகின்றன. தெருவில் கால் வைத்தால் ஓடு குத்தும். லட்சக்கணக்கில் ஜனங்கள். கவுண்டன்யா ஆற்றைத் தாண்டிக் கோபாலபுரத்துக் கோயிலில் தலையில்லாத உடல் ஒன்று காத்திருக்கிறது. தலையை அதில் பொருத்துகிறார்கள். அன்று மாலையே இறக்கியும் விடுகிறார்கள்.

நான் முதல் முறை பார்த்தபோது ஆறாம் வகுப்பு. எல்லாக் குழந்தைகளுக்கும் இதில் ஒரே பயம்தான். தலை வந்து சேருவதற்கு முன்னால் அந்த உடல் எழுந்துவிட்டால்? பெரியவர்கள் யாருக்கும் அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் தலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதை தெரிந்ததுதான். ஜமதக்னியின் மனைவி ரேணுகை. கணவன் ஆணையால் மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். அவளைக் கட்டிக்கொண்டு காப்பாற்றப் பார்த்த இன்னொருத்தியின் தலையும் சேர்ந்து விழுகிறது. வரம் கிடைத்து உயிர்ப்பிக்கும் அவசரத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறான். ஆக இது ஒரு புதிர்; இரண்டு தலை, இரண்டு உடல், பொருத்த வேண்டியவன் தப்பாகப் பொருத்திவிட்டான். அந்தத் தப்பான விடையைத்தான் ஊர் கும்பிடுகிறது. அந்த இன்னொருத்திக்குக் கதையில் பெயரில்லை. வருஷா வருஷம் பத்திரிகைகள் ‘சண்டாளச்சி உடலில் சிரசு பொருத்தப்பட்டது’ என்று, மேற்கோள் குறி கூடப் போடாமல், அச்சிடுகின்றன. தலைக்குப் பெயர் உண்டு, புருஷன் உண்டு, பிள்ளை உண்டு. உடலுக்குச் சாதி மட்டும்தான். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நீளும் இந்தத் தோல் பிரதேசத்தில் அந்த உடலை உருவகம் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. பச்சைத் தோலைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்தவர்கள் யார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

வேதாளமும் இதே புதிரைப் போடுகிறது. மாறிப் போன இரு தலைகளில் எவன் அவளுக்குப் புருஷன்? பிணத்துக்குள் இருந்துகொண்டு கேள்வி கேட்பது, தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்பது, சொன்னால் பிணம் மறுபடி மரத்துக்குப் போய்விடும் என்பது: பயமும் புதிரும் கலந்த ஆட்டத்துக்கு இதைவிடக் கச்சிதமான விதிகளை எந்தக் கம்பெனியும் எழுதிவிடவில்லை. விக்கிரமாதித்தன் யோசிக்காமல் தலையே பிரதானம் என்கிறான். தாமஸ் மன் 1940இலும், கிரீஷ் கார்னாட் 1971இலும் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு அந்தப் பதிலை உலுக்கிப் பார்த்தார்கள். குடியாத்தம் ராஜாவின் பதிலை மதிக்கவேயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே உடல் இருக்குமிடத்தில் இருக்கிறது. அலைந்து திரிந்து, ஆறு கடந்து, அதைத் தேடிப் போவது தலைதான்.

இனி 2017. அந்த வருஷம் தமிழ்நாடு முழுவதும் ஒரு ஆட்டத்தை ஆடியது. அதன் பெயர் நீலத் திமிங்கிலம். ரஷ்யாவில் 2016 மே மாதம் ‘நோவயா கஸெட்டா’ பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது இது. அதில் சொல்லப்பட்ட சாவுக் கணக்குகளைச் சரிபார்க்கப் போனவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அத்தகைய குழுக்களை நடத்திய ஒருவன் 2017இல் அங்கே தண்டிக்கப்பட்டான் என்பதும் உண்மை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு, இதற்கான இணைப்புகளை நீக்கும்படி கூகுள், ஃபேஸ்புக் முதலிய கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. நீக்க அப்படியொரு விளையாட்டு எங்கும் இல்லை. அந்த மாதக் கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு மாணவர் இறந்தார். அந்தத் துக்கம் அவர் வீட்டாருடையது, அதில் கை வைக்க எனக்கு உரிமையில்லை. செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன பதில் இது: குழு அமைத்து ஆராய்ந்தோம், எந்தச் சாவிலும் இந்த ஆட்டத்தின் பங்கு நிரூபணமாகவில்லை.

புரோகிராமே இல்லாத ஒரு விளையாட்டு, எச்சரிக்கைகளின் மூலமே பரவி, நிஜ உலகத்தை முழுக்க எடுத்துக்கொண்டது. ‘மெஜஸ்டிக்’ காசு செலவழித்துச் செய்ய முயன்றதை வாட்ஸப் இலவசமாகச் செய்தது. ஒவ்வொரு தகப்பனும் பத்துப் பேருக்கு அனுப்பினான், நானும் வந்ததையெல்லாம் படித்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்டு வரும் பெண்கள் அந்த மாதம் பிள்ளைகளின் போனைப் பிடுங்கிக்கொண்டு பஜார் பக்கம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா செல்போன் கடைப் பையனிடம் போனை நீட்டி, “தம்பி, இதுல திமிங்கிலம் இருந்தா எடுத்துடுப்பா” என்றாள். அவன் சிரிக்கவில்லை. எதையோ அழுத்தினான், அணைத்து மறுபடி போட்டான், “எடுத்துட்டேன்கா, இனிமே வராது” என்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான். அவனை ஏமாற்றுக்காரன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏற்றின தலையை யாராவது இறக்கித்தானே ஆக வேண்டும். நீதிமன்றம், அமைச்சகம், பள்ளிக்கூடங்கள் எல்லாம் பயத்தை ஏற்றத் தெரிந்தவையாகவே இருந்தன. அந்த ஒரு மாதத்தில் இறக்கத் தெரிந்தவனாக நான் கண்டது அந்தப் பையன் ஒருவனைத்தான்.

திமிங்கிலத்துக்கு அடுத்து மோமோ வந்தது. அந்த முகம் ஜப்பானியச் சிற்பி கெய்சுகே ஐசோ செய்த பொம்மையினுடையது. ரப்பரும் எண்ணெயும் கலந்து செய்த அந்தப் பொம்மை அழுகிப்போய், 2018இலேயே அதைத் தூக்கி எறிந்துவிட்டதாக அவர் சொன்னார். தோல் அழுகாமல் காப்பதே பிழைப்பாக உள்ள ஊரில் இதைக் கேட்டுச் சிரித்தோம்.

இவ்வளவு பயந்த இதே பிரதேசத்தில், திமிங்கிலம் வருவதற்கு இரண்டரை வருஷம் முன்பு, 2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் ராத்திரியில் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றை டேனரிகள் கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996லேயே விரிவாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. யாரும் யாருடைய போனையும் பிடுங்கவில்லை. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு செய்தியும் எனக்கு வரவில்லை. பெயரில்லாத உடல்களுக்குப் பயப்பட நமக்குப் பழக்கமில்லை. நம் கதைகளில் கனவில் வருவதெல்லாம் தலைதான்.

என் அக்காள் மகன் வேலூரில் படிக்கிறான். தானே ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். குடியாத்தம்தான் களம். ஆடுகிறவன் உடலாக இருப்பான், தெருக்களில் வருகிற தலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பான தலை வந்து உட்கார்ந்தால் போன் தானாக அதிர ஆரம்பிக்கும். பொருத்துகிற வரைக்கும் எழுதி முடித்துவிட்டான். சாயங்காலம் இறக்குவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாக நிற்கிறான். வைகாசிக்குக் கோபாலபுரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஏற்றும்போது கூட்டத்தில் ஒன்றும் தெரியாது, இறக்கும்போது கிட்டே போய்ப் பார்க்கலாம்.