அசைவைப் பிடித்தவர்கள் – 5: கறுப்பு உடையில் ஒரு மனிதன்

சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பில் விடிகாலையில் கள் இறக்குகிறவர் மரம் ஏறுவதைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? "அண்ணே, ஏறும்போது முதல்ல கை நகருதா, கால் நகருதா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "ஏறத் தெரியும் தம்பி, அதைச் சொல்லத் தெரியாதே" என்றார். அவர் உடம்புக்கு அத்துப்படியான ஒன்று அவர் கண்ணுக்கே அகப்படவில்லை.

பாரிஸில் எட்டியேன்-ழூல் மாரே என்ற உடலியல் அறிஞரை வாழ்நாளெல்லாம் துரத்தியதும், இப்படிக் கண்ணுக்கு அகப்படாத அசைவை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விதான்.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் அந்தரத்தில் நிற்கும் கணத்தை 1878-இல் கலிஃபோர்னியாவில் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் பிடித்ததைப் போன வாரம் பார்த்தோம். அந்தப் படங்களைப் பத்திரிகையில் கண்ட மாரே துள்ளினார். ஆனால் மைப்ரிட்ஜ் வரிசையாக நிறுத்திய கேமராக்களில் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து பார்க்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் கழிந்தது என்பதும் திட்டமாகத் தெரியாது. மாரேவுக்கு வேண்டியது அளவு. 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். குழலில் லென்ஸ், விசையை அழுத்தினால் நொடிக்கு 12 படம். பறக்கும் பறவைகளைக் குண்டில்லாமல் சுட்டார். படங்கள் மிகச் சிறியவை. போதவில்லை.

அடுத்து ஒரே கண்ணாடித் தகட்டில் எல்லாக் கணங்களையும் பதியப் பார்த்தார். லென்ஸின் முன்னால் துளையிட்ட வட்டத்தகடு சுழலும். துளை வரும்போதெல்லாம் ஒரு பதிவு. வெள்ளை உடுத்தவர் நடந்தால் ஒரு பதிவின் மேல் இன்னொன்று ஏறி, எந்தக் கால் எந்தக் கணத்துக்குரியது என்று புரியாமல் குழம்பியது.

இந்த இடத்தில் மாரே செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இன்னும் தெளிவாகக் காட்டு என்றுதான் எவரும் கேமராவிடம் கேட்பார்கள். அவர் மனிதனையே மறைத்தார்! தலைமுதல் கால்வரை கறுப்பு உடை, பின்னால் கறுப்புத் திரை. கைகால் நெடுக மட்டும் வெள்ளைக் கோடுகள், மூட்டுகளில் புள்ளிகள். நடக்கச் சொன்னார். தகட்டைக் கழுவியபோது முகமில்லை, உடலில்லை. விசிறி மடிப்புபோல் விரிந்த கோடுகள்; நடை மட்டும் நின்றது. இன்று திரைப்படத்துக்காக நடிகர் உடம்பில் புள்ளி ஒட்டி அசைவைப் பதிகிறார்களே, அதன் பாட்டனார் இந்தப் படம்தான்.

ஆனாலும் ஒரு குறை. ஒற்றைக் கேமரா ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும். நடக்கும்போது இடுப்பு பக்கவாட்டில் அசைவதும் தோள் திரும்புவதும் அதற்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க 1891-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருவர் முனைந்தனர்: உடற்கூறியலாளர் பிரௌனே, கணித அறிஞர் ஃபிஷர். பல கோணங்களில் கேமராக்களை நிறுத்தி, இரவு கவிய விளக்குகளை அணைத்தார்கள். ஒரு படைவீரரின் கைகால்களில் மெல்லிய கண்ணாடிக் குழல்களைக் கட்டினார்கள். மின்சாரம் பாய்ந்தால் குழல்கள் விட்டுவிட்டு ஒளிரும். ஒவ்வொரு மினுக்கலும் ஒரு பதிவு. கட்டி முடிக்கவே 6 முதல் 8 மணி நேரம் ஆனது.

அந்தக் குழல்கள் கேட்டதோ உயர் அழுத்த மின்சாரம். அதற்கும் வீரரின் உடலுக்கும் நடுவே இருந்தது ரப்பர் மட்டும்.

கும்மிருட்டு. வீரர் நிமிர்ந்து நின்றார். மின்சுற்று இணைந்தது. அவர் வலது காலைத் தூக்கினார்...

(அடுத்த வாரம்)