பிடித்தவருக்கா, வெல்லக்கூடியவருக்கா?

"பிடித்தவர் ஜெயிக்கமாட்டார்னு தெரிஞ்சா, ஓட்டை மாத்திப் போடலாமா சார்?" என்று வெள்ளக்கடையில் என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன கதை இது.

1962 தேர்தலில் காங்கிரசுக்கு எதிரான ஓட்டுகள் சிதறின. காங்கிரஸ் 139 இடங்களைப் பிடித்தது. 1967-ல் கொள்கையில் எதிரெதிரான அண்ணாவும் ராஜாஜியும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சுதந்திராக் கட்சியைப் பிடித்தவர்களும் பல ஊர்களில் உதயசூரியனுக்கே ஓட்டு போட்டார்கள். காங்கிரஸ் 41 சதவீத ஓட்டு வாங்கியும், 234-ல் 51 இடங்களே கிடைத்தன.

ராஜாஜி 1937-ல் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். 1971-ல் அதைத் தளர்த்தியது, அவர் கைகொடுத்து ஏற்றிவிட்ட அதே தி.மு.க. ஆட்சி. முதியவர் எவ்வளவோ வேண்டியும் பலனில்லை.

மாற்றிப் போடுவது தப்பில்லை, தம்பி. யாரை இறக்குகிறோம் என்பதோடு, யாரை ஏற்றுகிறோம் என்பதையும் யோசித்துப் போடு.