1800-க்கு முந்தைய துப்பாக்கியும் ஒன்றரை பவுன் குண்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு தனி மான் வேட்டை சீசன் தொடங்கும். ஜனவரி வரை போகும். அதன் விதிதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. துப்பாக்கி 1800-க்கு முன் செய்ததாக இருக்கணும், இல்லையென்றால் அப்படிப்பட்ட ஒன்றின் நகலாக இருக்கணும். ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற வகை. தீப்பொறி சக்கிமுக்கிக் கல்லிலிருந்துதான் வரணும். குழலின் உள்விட்டம் 0.44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

1800 என்பது புரிகிறது. 1807-ல் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதோடு கல்லின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. எனக்கு உறுத்தியது 0.44. பழைய பென்சில்வேனியாத் துப்பாக்கிகளில் அதை ஒட்டிய அளவும் உண்டு, அதைவிடச் சின்னதும் உண்டு. தாத்தா துப்பாக்கியைக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு, தாத்தாவின் குண்டு மட்டும் ஆகாது என்றால் என்ன அர்த்தம்?

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன், சுவிஸ் கொல்லர்கள் லான்காஸ்டர் பக்கம் வந்து குடியேறினார்கள். அவர்கள் ஊரில் செய்தது குட்டையான, தடித்த குழல் கொண்ட 'யேகர்' துப்பாக்கி. உள்விட்டம் 0.60 அங்குலத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். இங்கே தலைமுறை போகப் போக குழல் 42 அங்குலத்தைத் தாண்டி நீண்டது, துளை சுருங்கியது. காரணம் ஈயம். காட்டுக்குள் மாதக்கணக்கில் திரிகிறவன் ஈயத்தையும் மருந்தையும் சுமந்துகொண்டுதான் போகணும். 0.60 அங்குல உருண்டை ஒன்று 21 கிராம். ஒரு பவுண்டு ஈயத்தில் அப்படி 21 வார்க்கலாம். 0.44 அங்குல உருண்டை என்றால் 54 கிடைக்கும். மருந்தும் குறைவாகவே செலவாகும்.

குண்டு குழலைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். எண்ணெய் தடவிய துணித்துண்டில் அதைச் சுற்றித் திணிப்பார்கள். குழலின் உள்ளே வெட்டிய சுழல் பள்ளங்களைப் பிடித்துக்கொள்வது ஈயம் அல்ல, அந்தத் துணிதான். அதனால் சின்னக் குண்டும் குறி தவறாமல் போனது.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கம். 0.44 அங்குல உருண்டை 8.3 கிராம், நம் கணக்கில் ஒரு பவுன். இன்று பரவலாக விற்கும் 0.50 துப்பாக்கியில் போடுவது 0.49 அங்குல உருண்டை. அது 11.5 கிராம், கிட்டத்தட்ட ஒன்றரை பவுன். விட்டம் 11 சதவீதம்தான் கூடியது, எடையோ 38 சதவீதம் ஏறிவிட்டது. முதலில் கால்குலேட்டரை நம்பாமல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

இந்த எடை ஏன் முக்கியம் என்றால், உருண்டை காற்றைக் கிழிப்பதில் படு மோசம். குழலை விட்டுக் கிளம்பும்போது சீறும், 100 கஜம் போவதற்குள் ஆற்றலில் பெரும்பகுதி கரைந்துவிடும். மருந்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். ஆனால் வேகம் கூடக் கூட காற்றின் தடையும் கூடுகிறது. 70 கிரெயினை 100 ஆக்கினால் தோளில் உதை ஏறும், புகை ஏறும், மானிடம் போய்ச் சேர்வது கொஞ்சம்தான் கூடும். (ஒரு கிரெயின் என்பது குன்றிமணி எடையில் சுமார் பாதி.) மருந்தைக் கூட்டுவதைவிட குண்டின் எடையைக் கூட்டுவதுதான் பலன் தரும். மான் ஒரே அடியில் விழணும், காயத்தோடு ஓடிப்போய்ப் பனியில் கிடந்து சாகக் கூடாது என்று நினைத்தால் அடியில் ஒரு வரம்பு வைத்தே ஆகணும். 0.44-ஐ அப்படித்தான் நான் படிக்கிறேன். அந்தக் காலத்து வேட்டைக்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தப்பித்த மான் அவனுக்கு ஒரு தோல் நஷ்டம், அவ்வளவுதான்.

தோல் என்றதும் சொல்லணும். அந்த எல்லைப்புறத்தில் மான்தோல் பணமாகவே புழங்கியது. டாலரை இன்றும் 'பக்', அதாவது கலைமான், என்று சொல்வது அதன் மிச்சம். தோலுக்கும் கறிக்கும் வேட்டை, மரத்துக்குக் காடழிப்பு என்று போய், 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் பென்சில்வேனியாவில் மான் அரிதாகிவிட்டது. 1895-ல் வேட்டை ஆணையம் அமைத்தார்கள். 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மானை விலைக்கு வாங்கி வந்து காட்டில் விட்டார்கள்! பிறகு மான் பெருகியது. 1974-ல் 37 அரசு வேட்டை நிலங்களில், மூன்றே நாள், கல் துப்பாக்கிக்கென்று முதல் சீசன் திறந்தது. ஒரு காலத்தில் மானைத் தோலாக்கிய அதே கருவி, இப்போது மெதுவானது என்பதற்காகவே அனுமதிக்கப்படுகிறது.

அந்தக் கருவியும் முழுக்கப் பழசில்லை. 1970-ல் தாம்ஸன் சென்டர் நிறுவனம் கொண்டுவந்த 'ஹாக்கன்' மாடல்தான் பலரை இந்தப் பக்கம் இழுத்தது. அதன் பள்ளம் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான திருகல் தோது. நீளக் குண்டுக்கு 28 மாதிரி வேகமான திருகல் வேண்டும். 48 இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். சாஃப்ட்வேர்காரனுக்கு இது நன்றாகப் புரியும். 1985-ல் டோனி நைட் கொண்டுவந்த எம்.கே.-85 வந்த பிறகு, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியே தோற்றத்திலும் செயலிலும் நவீன ரைஃபிளாக மாறிவிட்டது. கிறிஸ்துமஸ் சீசன் மட்டும் அதை உள்ளே விடவில்லை.

நான் வேட்டைக்காரன் இல்லை. ஆனாலும் கணக்குப்படி தேர்வு செய்யச் சொன்னால்: 0.50 அளவு, 66 அங்குலத் திருகல், உருண்டைக் குண்டு. கரிமருந்து 70 கிரெயினில் தொடங்கி, அந்தத் துப்பாக்கிக்கு எதில் குறி கூடுகிறதோ அதில் நிறுத்தணும், தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டாமல். நவீன புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடிக்கும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையில் வெற்றிடம் விட்டாலும் ஆபத்து, அதனால்தான் திணிக்கும் கோலில் அடையாளக் கோடு போட்டுவைக்கிறார்கள். தூரம் 60, 70 கஜத்துக்குள்.

பிறகு பனி. பற்றுவாயில் போட்ட மருந்து நனைந்தால் விசையை இழுத்ததும் 'டக்' என்று கல் மட்டும் தட்டும். பழைய ஆட்கள் இயந்திரப் பகுதியின் மேல் ஒரு தோல் உறை கட்டுவார்கள். அதற்குப் பெயர் 'பசு முழங்கால்'. மாட்டின் முழங்கால் தோல் ஏற்கெனவே அந்த வடிவத்தில் வளைந்திருக்கும் என்பதால், வெட்டித் தைக்கிற வேலை குறைவு.