மையும் முதுமையும்

மாத்தளை நகரை நீங்கி வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில் முதலில் எதிர்ப்படுவது அலுவிகாரை. அதனைக் கடந்து, மிளகும் கொக்கோவும் தழைத்த தோட்டங்களினூடே மேலும் சில கல் தொலைவு சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வரும். தம்புள்ளைக்கும் சீகிரியாவிற்கும் செல்லும் யாத்திரிகர் பலர் இவ்வூரைக் கண்ணெடுத்தும் பாராமற் கடந்து போவர். எனினும் கண்ணுக்கு இடும் மையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் தம் ஆராய்ச்சியைத் தொடங்குதற்குப் பலாபத்வலைப் புறத்தினும் ஏற்ற இடம் வேறொன்று காணுதல் அரிது. இவ்வூருக்குத் தெற்கே அலுவிகாரையில் மை ஓலைமேற் படிந்தது. வடக்கே சீகிரியாக் குன்றில் அது சுவரில் எழுதிய மகளிரின் விழிமேற் படிந்தது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் வினா ஒன்றுண்டு: இளமையின் அணியாகப் போற்றப்படும் மை, முதுமை எய்திய கண்ணுக்கும் உரியதுதானா?

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சியில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. அவ்வரும்பணி நிகழ்ந்த இடம் அலுவிகாரை என்பது இலங்கையின் நெடுநாளைய மரபு. பனையோலையில் எழுதும் முறையை இங்கே சிறிது நினைவுகூர வேண்டும். எழுத்தாணி கீறிய எழுத்து, கீறியவுடன் கண்ணுக்குப் புலனாவதில்லை. கரியை எண்ணெயிற் குழைத்து ஓலை முழுவதும் தடவிப் பின்னர் துடைத்துவிடுவர். மேற்பரப்பில் நின்ற கருமை அகன்றுவிடும். கீறலுட் புகுந்த கருமை மட்டும் நிலைத்து எழுத்தாய்த் தோன்றும். இதனை மையாடுதல் என்பது தமிழர் வழக்கு. மை பள்ளத்தை நாடும் என்னும் இந்த எளிய உண்மையே, பின்னர்க் காணப்போகும் செய்திக்கெல்லாம் அடிப்படையாகும்.

ஓலைக்கும் கண்ணுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது வியப்பிற்குரியது. ஓலையில் இடுவதும் மை. கண்ணில் இடுவதும் மை. ஓலையிலும் எழுதுவர், கண்ணையும் எழுதுவர். பழந்தமிழ்ப் புலவர் மையுண்ட கண்ணை உண்கண் என்றனர். மை தீட்டும் கருவியைக் கோல் என்றனர். திருவள்ளுவர் காமத்துப்பாலில், கண்ணை எழுதும்போது அருகே வரும் கோலைக் கண்ணே காணமாட்டாது என்னும் நுட்பத்தை உவமையாக்கிக் காதலன் குற்றத்தைக் காணமாட்டாத காதலியின் நெஞ்சை விளக்குகிறார். நாள்தோறும் மகளிர் மையெழுதக் கண்ட ஒருவருக்கன்றி இவ்வுவமை தோன்றியிராது.

அலுவிகாரையில் ஏடேறியதாகக் கூறப்படும் அதே திரிபிடகத்தின் விநயப் பகுதியில், மருந்துகளைப் பற்றிய அத்தியாயத்தில், கண்மைக்கும் இடமுண்டு. கண்ணோயால் வருந்திய பிக்கு ஒருவரின் பொருட்டுப் புத்தர் ஐவகை அஞ்சனங்களை அனுமதித்ததாக அது கூறும். கரிய அஞ்சனம், இரசாஞ்சனம், ஆற்றுப் படுகையிற் கிடைக்கும் அஞ்சனம், காவிக்கல், விளக்குக் கரி என்பனவே அவை. அவற்றோடு அரைத்துச் சேர்ப்பதற்குச் சந்தனம் முதலிய நறும்பொருள்களும் கூறப்பட்டுள்ளன. பிக்குகள் சிலர் பொன்னாலும் வெள்ளியாலும் மைச்சிமிழ் செய்து வைத்துக் கொண்டனர். இல்லறத்தாரைப் போல இன்பம் துய்க்கின்றனரே என்று மக்கள் பழித்தமையால் அது விலக்கப்பட்டது. எலும்பு, கொம்பு, மூங்கில், மரம், செம்பு, சங்கு முதலியவற்றாற் செய்த சிமிழே போதும் என்று விதிக்கப்பட்டது. விரலால் மையிட்டபோது கண் நோவெடுத்தமையின் கோல் கொண்டு இட அனுமதி பிறந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. துறவிக்கும் உரிய பொருளாக மை இருந்தது. அங்கே அது அழகின் பொருட்டன்று, பார்வையின் பொருட்டு.

மருத்துவ நூல்களும் இவ்வாறே கூறுகின்றன. சௌவீராஞ்சனத்தை நாள்தோறும் இடுதல் கண்ணுக்கு நலம் என்கிறது சரக சங்கிதை. சுசுருத சங்கிதையோ கண்ணின் அழுக்கைச் சுரண்டி நீக்குவது, புண்ணை ஆற்றுவது, பார்வையைத் தெளிவிப்பது என அஞ்சனத்தை மூவகையாகப் பிரித்து, இடுங்கோலின் முனை மலர்மொட்டைப் போல மழுங்கியிருத்தல் வேண்டும் என்கிறது. சித்த மருத்துவர் கண்ணுக்கிடும் மருந்துகளுள் அஞ்சனத்தையும் கலிக்கத்தையும் எண்ணினர். சிந்துவெளியில் ஹரப்பா மக்கள் பயன்படுத்திய செம்புக் கோல்கள் அகழ்வில் கிடைத்துள்ளன. எகிப்தியர் ஈயக் கனிமத்தினின்று கருமையும் செம்புக் கனிமத்தினின்று பசுமையும் பெற்றுக் கண்ணைத் தீட்டினர். பாரிசு நகரத்து லூவர் அரும்பொருளகத்தில் உள்ள எகிப்திய மைச்சிமிழ்களை ஆராய்ந்த அறிஞர், இயற்கையில் அரிதாகக் கிடைக்கும் ஈயச் சேர்மங்களை எகிப்தியர் தாமே செய்து மையிற் கலந்தனர் என்று 1999 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். முஸ்லிம் மக்களிடையே சுருமா இடுதல் ஆண் பெண் இருபாலார்க்கும் உரிய நல்வழக்காகப் போற்றப்படுகிறது. நரைத்த தாடியுடைய பெரியவர் ஒருவர் பெருநாளில் சுருமா இட்டுப் பள்ளிவாசலுக்குச் செல்வதை எவரும் நகைப்பதில்லை.

தமிழ் இல்லங்களில் மை செய்யும் முறையும் மருந்தோடு ஒட்டியதே. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியைப் பலமுறை தோய்த்து நிழலில் உலர்த்தித் திரியாக்குவர். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அத்திரியை ஏற்றி, மேலே செம்புத் தட்டையோ மண்சட்டியையோ கவிழ்த்து வைப்பர். இரவெல்லாம் படிந்த கரியை விடியலில் வழித்து, நெய்யிலோ ஆமணக்கெண்ணெயிலோ குழைத்துச் சிமிழில் அடைப்பர். பிறந்த குழந்தைக்கும் இம்மையே, மணப்பெண்ணுக்கும் இம்மையே. செய்பவள் பெரும்பாலும் வீட்டுப் பாட்டி. ஆனால் அம்மை பாட்டியின் கண்ணை அடைந்ததுண்டா என்று கேட்டால், விடை எளிதிற் கிடைப்பதில்லை.

இதற்குக் காரணம் சமூக வழக்கு. மை மகிழ்ச்சியின் அடையாளம் ஆயிற்று. ஆகவே மையின்மை துயரத்தின் அடையாளம் ஆயிற்று. காளிதாசர் மேகதூதத்தில் கணவனைப் பிரிந்த யக்ஷப் பெண்ணின் கண் அஞ்சனம் இழந்து கிடப்பதாகப் பாடினார். ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர் மகளிர் நோன்பு நோற்கும் காலத்து மையையும் மலரையும் துறக்கின்றனர். பிரிவு தீர்ந்தால் மை மீளும். நோன்பு முடிந்தால் மை மீளும். மீளாத நிலை ஒன்று உண்டு. அது கைம்மை. கணவனை இழந்தவள் பூவையும் பொட்டையும் போலவே மையையும் இழந்தாள். காலப்போக்கில் கைம்பெண்ணுக்கு விதித்த இவ்விலக்கின் நிழல் முதியவள் எவள்மீதும் படிந்தது. பேரப்பிள்ளை பெற்ற பின் மை எதற்கு என்னும் சொல் ஊர்தோறும் கேட்கலாயிற்று. மருந்தாகத் துறவிக்கும் அனுமதிக்கப்பட்ட ஒன்று, அணியாக வயது முதிர்ந்த இல்லத்தரசிக்கு மறுக்கப்பட்டது. வரலாற்றின் இம்முரண்பாடு எண்ணத்தக்கது.

பலாபத்வலைக்கு வடக்கே, அதே மாத்தளை மாவட்டத்தில், கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாம் காசியப்பன் சீகிரியாக் குன்றின்மேல் அரண்மனை அமைத்தான். அக்குன்றின் பக்கத்தில் எழுதப்பட்ட மகளிரின் இமை விளிம்பு தெளிந்த கோடாகத் தீட்டப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அங்கே வந்தோர் கண்ணாடிச் சுவரிற் பாடல் பொறித்துச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களை அறிஞர் செனரத் பரணவிதான 1956 இல் நூலாக வெளியிட்டார். நீண்ட விழியுடையோரே என்று அப்பெண்களை விளிக்கும் பாடல்கள் அவற்றுள் உண்டு. சுவரில் நிற்கும் அம்மகளிர் ஆயிரத்தைந்நூறு ஆண்டு கடந்தும் மூப்படையவில்லை. உயிருள்ள பெண்ணுக்கோ அப்பேறு இல்லை.

மூப்படைந்த கண்ணைத் தயக்கமின்றிப் பாடிய பெண் ஒருத்தி உண்டு. அவள் வைசாலி நகரத்து அம்பபாலி. கணிகையாய்ப் புகழ்பெற்றுத் தன் மாந்தோப்பைப் புத்தருக்கு அளித்துப் பின்னர்த் துறவு பூண்டவள். தேரிகாதையில் அவள் பெயரால் அமைந்த 19 பாடல்கள் கூந்தல் முதல் அடி வரை ஒவ்வோர் உறுப்பும் முன்பு இருந்தவாறும் பின்பு ஆனவாறும் கூறுகின்றன. ஓவியன் தீட்டினாற்போல் இருந்த புருவம் சுருங்கித் தொங்கிற்று. மணிபோல் ஒளிர்ந்த நீண்ட கண் ஒளி மழுங்கிற்று என்பது அவற்றின் கருத்து. ஆயினும் அவள் அழவில்லை. உண்மை இதுவே என்று உணர்ந்து கூறுகிறாள். முதுமையை மறைத்தல் இயலாது என்பது அவள் கண்ட முடிவு. ஆனால் மறைத்தல் வேறு, பேணுதல் வேறு. மையின் வரலாறு காட்டுவது பேணும் வழியை.

இமையின் தோல் உடலின் தோல்களுள் மிக மெல்லியது. ஆண்டு ஏற ஏற அத்தோலைத் தாங்கும் இழைநார் குறைகிறது, மேலிமை தளர்ந்து தாழ்கிறது, கடைக்கண்ணில் சுருக்கங்கள் விரிகின்றன, இமைமயிர் அருகுகிறது. இவ்விடத்தில், இருபது வயதில் இட்டவாறே கண்ணைச் சுற்றிலும் தடிப்பாக மையிட்டால் நிகழ்வது யாது? ஓலையில் நிகழ்ந்ததே நிகழும். எண்ணெய் கலந்த மை சுருக்கங்களாகிய கீறல்களுட் புகுந்து, இல்லாத எழுத்தையும் எழுதிக் காட்டும். மையாடுவோன் விரும்புவது அதனை. மையிடுவோள் விரும்பாததும் அதனையே. ஆகவே, முதிர்ந்த கண்ணுக்கு மையிடும் கலை, ஓலைக்கு மையிடும் கலையைத் தலைகீழாக்கியது எனலாம்.

அதன் முறை எளியது. மேலிமையில், மயிர் முளைக்கும் வரிசையை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று போதும். கண்ணின் உள்மூலையில் நூலளவாகத் தொடங்கி வெளிமூலையை நோக்கிச் சிறிதே அகலலாம். கடைக்கண்ணைக் கீழ்நோக்கி இழுக்காமல், முடிவில் மேல்நோக்கி இலேசாக நிறுத்தினால், தாழ்ந்த இமை நிமிர்ந்தாற்போல் தோன்றும். கீழிமையை வெறுமையாக விடுவதோ, மிக இலேசாக நிழலிடுவதோ நன்று. நரைத்த கூந்தலுக்கு முன்னே கடுங்கருமை உறைத்துத் தோன்றுமாதலின் கபில நிறமும் சாம்பல் நிறமும் பலர்க்குப் பொருந்தும். மினுக்குப் பொடி சுருக்கத்தில் தங்கி அதனை ஒளிபெறச் செய்யும். மினுக்கற்ற பொடியோ அமைதியாகக் கிடக்கும். இமையைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக் கோடிட்டால் கை எடுத்தவுடன் கோடு நெளிந்துவிடும். ஆகவே கண்ணாடியைச் சற்றுத் தாழ வைத்துப் பார்வையைத் தாழ்த்தி எழுதுதல் நலம். எஞ்சியதை மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்த்தல் ஆகாது.

இங்கே வள்ளுவர் உவமை மற்றொரு வகையிலும் மெய்யாகிறது. நாற்பது வயதிற்குப் பின் அண்மைப் பார்வை குன்றும். வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் வழங்கும் அக்குறையால், கண் கோலைக் காணாதது மட்டுமன்று, கண்ணாடியில் தன்னையே தெளிவாகக் காணாது. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் முன்புறத்திலிருந்து வரும் பகலொளியும் இதற்கு உதவும். அவற்றினும் உயர்ந்த துணை மற்றொருவர் கை. மகளோ மருமகளோ பேர்த்தியோ எதிரே அமர்ந்து, ஆச்சி, கண்ணை மூடுங்கள் என்று சொல்லி எழுதும் கோட்டிற்கு நிகரான அணி பிறிதில்லை. குழந்தைப் பருவத்தில் ஆச்சி இட்ட மைக்கு அது கைம்மாறாகும்.

இருபதாம் நூற்றாண்டில் மைச்சிமிழ் கடைப்பொருளாயிற்று. சென்னையில் தோன்றிய ஐடெக்ஸ் மைச்சிமிழ் தமிழ் வீடுகள் பலவற்றில் இடம்பெற்றது. 1952 இல் இந்தியாவில் லக்மே நிறுவனம் தொடங்கப்பட்டது. பென்சிலும் தூரிகையும் கோலின் இடத்தைப் பிடித்தன. வசதி பெருகியபோதும் விநயம் கூறிய எச்சரிக்கை பழையதாகிவிடவில்லை. கண் சிவந்து நோவெடுத்தால் மையை நிறுத்துதல் வேண்டும். ஒருவர் கோலை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. உறங்கப் போகுமுன் மையைக் கழுவிவிட வேண்டும். கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் மருத்துவர் இசைவு தரும்வரை கண்ணருகே எதையும் இடலாகாது. ஈயம் கலந்த சுருமாவும் மையும் உடலுக்குக் கேடு செய்வன, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, என்பது இக்கால மருத்துவம் உறுதியாகக் கண்ட செய்தி. பழமை என்பதனாலேயே ஒரு பொருள் நன்மையாகிவிடாது.

பலாபத்வல வழியே செல்லும் பெருவீதி இரண்டு மையையும் இணைக்கிறது. அலுவிகாரையின் மை, மறதியினின்று சொல்லைக் காத்தது. சீகிரியாவின் மை, மூப்பினின்று ஓர் உருவத்தைக் காத்தது. முதியவள் கண்ணில் இடும் மை இவ்விரண்டையும் செய்ய வல்லதன்று, செய்ய வேண்டுவதுமன்று. இவள் இன்னும் உலகைப் பார்க்கிறாள், உலகும் இவளைப் பார்க்கலாம் என்று அது கூறினால் போதும். அதற்கு ஒரு மெல்லிய கோடே அமையும்.